முன்பணம் வரும் முன் பள்ளி போக வேண்டும்

ஜூன் மாதம். பள்ளி திறந்து இரண்டாவது வாரம். ஒன்பதாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. எட்டாம் வகுப்பில் கணக்கை ஆர்வமாகப் போடும் பெண் அவள். தோழிகளைக் கேட்டால் "ஊருக்குப் போயிருக்கா டீச்சர்" என்றார்கள். செயலியில் தினமும் 'வரவில்லை' என்று பதிந்தேன். பதிந்ததோடு என் வேலை முடிந்தது என்றுதான் அப்போது நினைத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன். ஏலத்தோட்ட ஜீப்பிலிருந்து அம்மா அப்போதுதான் இறங்கி வந்திருந்தார். சித்திரையில் கணவருக்கு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. கூடச் செலவாகும் பணத்துக்கு வழியில்லாமல் நின்றபோது, ஓர் ஏஜெண்டு இருபத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். பெண் வெளி மாவட்டத்தில் ஒரு நூற்பாலை விடுதியில் இருக்கிறாள். நான் சட்டம் பேசினேன், படிப்பின் அருமை பேசினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்றதெல்லாம் நெசந்தான் டீச்சர். அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வாசல்ல வந்து நின்னது அந்த ஆளுதானே? நீங்க இப்பத்தானே வர்றீங்க."

1098க்குத் தகவல் கொடுத்தோம். அதிகாரிகள் முயற்சியால் சில வாரங்களில் பெண் வீடு திரும்பினாள். ஆனால் பள்ளிக்கு வரவில்லை. வாங்கிய பணத்தைக் கேட்டு ஆள் வந்து நிற்கத் தொடங்கியதும், ஒருநாள் இரவோடு இரவாகக் குடும்பமே ஊரைவிட்டுப் போய்விட்டது. எங்கே போனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிள்ளையை மீட்டோம், வீட்டை மீட்கவில்லை.

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு விடை தேடியதில் கற்றுக்கொண்டதையே இங்கே சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் பள்ளத்தாக்கின் ஒரு நாள்

கம்பம் பள்ளத்தாக்கைப் பார்ப்பவர்களுக்குப் பச்சை வயலும் பன்னீர் திராட்சைத் தோட்டமும்தான் கண்ணில் படும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வளமான பூமி. ஆனால் நிலம் இல்லாதவர்களுக்கு அந்த வளம் கூலியாக மட்டுமே வந்து சேர்கிறது. அந்தக் கூலியும் ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை.

கம்பம், கூடலூர், உத்தமபாளையம், தேவாரம், போடி பகுதிகளிலிருந்து விடிவதற்குள் ஜீப்புகள் புறப்படுகின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. மாலையில்தான் திரும்புகின்றன. ஆடி தொடங்கித் தை வரை காய் எடுப்புக் காலத்தில் ஆள் தேவை அதிகம். அம்மா ஜீப் ஏறிய பிறகு தம்பி தங்கையை எழுப்பி, குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்புவது மூத்த பெண் பிள்ளை. அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அவள் பள்ளிக்குத் தாமதமாக வருவதற்கும், வாரம் இரண்டு நாள் வராமல் போவதற்கும் காரணம் சோம்பல் அல்ல. அந்த நேரத்தில் அவள்தான் அந்த வீட்டின் தாய்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பள்ளத்தாக்கில் அதன் பலனை நாம் நேரில் பார்க்கிறோம். அடுப்பு மூட்டாத வீட்டிலிருந்து சின்னப் பிள்ளை வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்தாலும் பசியோடு இருப்பதில்லை. தம்பிக்குச் சோறு பொங்கும் வேலை குறைந்ததால் அக்காவும் முதல் மணிக்குள் வந்துவிடுகிறாள். சாப்பாட்டுத் திட்டம் தொடக்க வகுப்புகளுக்குத்தான் என்றாலும், அது காப்பாற்றுவது ஏழாம் வகுப்பையும் சேர்த்துத்தான். வீட்டின் ஒரு சுமையை இறக்கினால் பிள்ளை தானாகப் பள்ளிக்கு வருகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

முன்பணம் எப்படிக் கட்டிப்போடுகிறது

நம் பகுதியில் பிள்ளைகள் வேலைக்குப் போகும் வழிகள் பல. பெண் பிள்ளைகளுக்கு நூற்பாலை விடுதி. மூன்றாண்டு வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாகப் பணம் தருவோம், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சொல்லி அழைத்துப்போன முறைக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்றே பெயர் இருந்தது. பையன்களுக்கு வடமாநிலத்து முறுக்குக் கம்பெனி. குடும்பத்தோடு போனால் செங்கல் சூளை, கரும்பு வெட்டு. மலையில் வாழும் பளியர் குடும்பங்களுக்குத் தோட்ட வேலை. தேன், கடுக்காய் போன்ற வனப் பொருள்களை முன்பணம் கொடுத்த வியாபாரி சொல்லும் விலைக்கே கொடுத்துவிடும் நிலை. வழிகள் வேறு வேறாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்றுதான். அது முன்பணம்.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாங்கிய முன்பணத்துக்காக ஒருவர் குறைந்த கூலிக்கோ கூலியில்லாமலோ வேலை செய்யவேண்டி வந்தால், வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தால், விருப்பம்போல் வெளியே போய்வரும் உரிமையை இழந்தால், தன் பொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழந்தால், இவற்றில் ஏதேனும் ஒன்று நடந்தாலும் அது கொத்தடிமை முறைதான். சங்கிலியும் பூட்டும் இருக்க வேண்டியதில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று 1982இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதே சட்டத்தில் நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. கொத்தடிமைக் கடன் சட்டப்படி அழிந்துபோகிறது. அதைத் திருப்பிக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. அன்று அந்தக் குடும்பம் ஊரைவிட்டு ஓடியபோது எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் உத்தமபாளையம் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அந்த அம்மாவை அழைத்துப் போய் மனுக் கொடுக்க வைத்திருப்பேன். விசாரணையில் கொத்தடிமை என்று உறுதியானால் விடுவிப்புச் சான்று கிடைக்கும். உடனடி உதவியாக ரூ.30,000 வரையும், வழக்கின் முடிவை ஒட்டி ஆண்களுக்கு ரூ.1 லட்சமும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ரூ.2 லட்சமும் மறுவாழ்வு உதவியாக வழங்க ஒன்றிய அரசின் திட்டம் இருக்கிறது. அந்தச் சான்று கையில் இல்லாமல் வீடு திரும்பும் பிள்ளை, கடனோடுதான் திரும்புகிறது.

நம் மண்ணின் பழைய பாடம்

கல்வியும் வாழ்வாதாரமும் சேர்ந்து போக வேண்டும் என்பது இந்தப் பகுதிக்குப் புதிய செய்தி அல்ல. நம்மில் பலர் வேலை பார்க்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் வரலாறே அதுதான்.

ஆங்கிலேயர் 1871இல் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911க்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. மதுரை வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் அது குற்றப் பரம்பரை ஆக்கியது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். இரவில் ஆண்கள் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண் உட்படப் பலர் உயிரிழந்தனர். அதன் பிறகே அரசு பள்ளிகளைத் திறப்பதிலும், கூட்டுறவுச் சங்கம், விவசாய நிலம், கிணறு ஆகியவற்றுக்கு உதவுவதிலும் கவனம் செலுத்தியது. சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் ஒழிந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அந்தப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அவற்றில் படித்தவர்கள் இன்று ஆசிரியர்களாக, அலுவலர்களாக நம்மோடு இருக்கிறார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. பள்ளிக்கூடமும் பிழைப்பும் கைகோத்து வந்தபோது தலைமுறையே மாறியது என்பது ஒன்று. மக்களைக் குற்றவாளியாகப் பார்த்துக்கொண்டு உதவி செய்தால் அந்த உதவியே வடுவாகும் என்பது மற்றொன்று. இன்று பிள்ளையை வேலைக்கு அனுப்பிய தாயிடம் "உங்கமேல கேஸ் போடுவாங்க" என்று நாம் பேசத் தொடங்கினால், அடுத்த முறை அவர் பிள்ளையை நம்மிடமிருந்து மறைப்பார். ஏஜெண்டை அவர் மறைக்க மாட்டார். அவரிடமிருந்துதானே பணம் கிடைக்கிறது.

வறுமை ஒழிந்த பிறகுதான் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள் என்று காத்திருக்கவும் முடியாது. அன்றைய ஆந்திராவின் ரங்காரெட்டி மாவட்டத்தில் பேராசிரியர் சாந்தா சின்ஹா முன்னெடுத்த எம்.வி. அறக்கட்டளை, பள்ளிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு குழந்தையும் குழந்தைத் தொழிலாளியே என்று எடுத்துக்கொண்டது. இணைப்பு முகாம்கள் மூலம் பல ஆயிரம் பிள்ளைகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. மெக்சிகோ நாடு 1997இல் தொடங்கிய திட்டத்தில், பிள்ளைகள் பள்ளிக்கு வந்தால் தாயின் கையில் உதவித்தொகை கொடுத்தார்கள். இடையில் நின்றுவிடும் வாய்ப்பு பெண் பிள்ளைகளுக்கு அதிகம் என்பதால், மேல்வகுப்புப் பெண்களுக்குத் தொகையையும் கூட்டினார்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 தரும் நம் புதுமைப்பெண் திட்டமும் (2022), பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) இந்த எண்ணத்தின் தொடர்ச்சியே.

இரண்டாவது வீடு

முதல் வீட்டில் தோற்ற பிறகு, வகுப்பில் 'முன்பணக் கணக்கு' என்று ஒரு செயல்பாடு தொடங்கினேன். (அதன் விவரம் பின்னால் வருகிறது.) ஒரு பிப்ரவரி மாதம், அந்த வகுப்பு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். "டீச்சர், எங்க அம்மாவும் இந்த மாதிரி வாங்கியிருக்கு."

அப்பா இல்லாத வீடு. அம்மா திராட்சைத் தோட்டத்துக் கூலி. வீட்டுக் கூரை மாற்ற ஐயாயிரம் வாங்கியிருக்கிறார். முழுப்பரீட்சை முடிந்ததும் பையனை முறுக்குக் கம்பெனிக்கு அனுப்பினால் இன்னும் பதினைந்தாயிரம் தருவதாகப் பேச்சு. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. இந்த முறை நாங்கள் முந்திக்கொண்டோம்.

தலைமை ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, நான் மூவரும் போனோம். சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. "எவ்வளவு வேணும், எப்ப வேணும்?" என்று மட்டும் கேட்டோம். அந்த அம்மா எந்த மகளிர் சுய உதவிக் குழுவிலும் இல்லை. சந்தா கட்ட முடியாது என்று விலகியிருந்தார். மேலாண்மைக் குழுவில் இருந்த இரண்டு தாய்மார் தங்கள் குழுவில் அவரைச் சேர்த்து, உள்கடனாகப் பணம் கொடுத்தார்கள். வாங்கிய ஐயாயிரத்தை ஊர்ப் பெரியவர் முன்னிலையில் திருப்பிக் கொடுத்தார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நிதி ஆதரவுத் திட்டத்துக்கு விண்ணப்பித்தோம். தந்தையை இழந்த, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மாதம் ரூ.4,000 தரும் திட்டம் அது.

பணம் வர ஐந்து மாதம் ஆனது. இடையில் இரண்டு முறை அம்மா மனம் தளர்ந்தார். குழுப் பெண்கள்தான் பக்கத்தில் நின்றார்கள். பையன் பத்தாம் வகுப்புத் தேறி, இப்போது பதினோராம் வகுப்பில் வணிகவியல் படிக்கிறான். இரண்டு வீட்டுக்கும் என்ன வித்தியாசம்? முதல் வீட்டுக்கு ஏஜெண்டு போனபின் நான் போனேன். இரண்டாவது வீட்டில் முழுப்பணமும் கைமாறும் முன் போனோம்.

நாம் கையில் வைத்திருக்க வேண்டியவை

முன்பணம் எந்த மாதம் வரும் என்று நமக்குத் தெரியும். எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் முடியும் கோடை விடுமுறை, தேர்வு முடிவு வரும் வாரம், காய் எடுப்புத் தொடங்கும் ஆடி, தீபாவளிக்கு முந்தைய நாட்கள். வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் அது எந்த மாதமானாலும் ஆபத்துதான். இந்த நாட்களை ஒட்டி வகுப்பாசிரியர் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்.

1. தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் போய்விடுங்கள். ஜீப் திரும்பும் மாலை நேரமே பெற்றோரைச் சந்திக்க ஏற்றது.

2. சாதிச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கிறதா என்று ஜூனிலேயே பாருங்கள். பளியர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் சான்று கிடைக்கத் தாமதமானால் உதவித்தொகை முதல் விடுதி வரை எல்லாமே தாமதமாகும். அவர்களின் பெற்றோருக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப் பொருள்கள்மீது உரிமை தருகிறது என்பதையும் சொல்லுங்கள்.

3. தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வுக்கு எட்டாம் வகுப்பில் தகுதியுள்ள எல்லோரையும் எழுத வையுங்கள். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் ரூ.1,000. வேலைக்குப் போகத் தொடங்கும் வயதும் அதுதான்.

4. வருவாய் ஈட்டும் பெற்றோர் விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரூ.75,000 உதவி உண்டு. மலைப்பாதையில் தினமும் போய்வரும் வீடுகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

5. கூலி வேலை செய்யும் பெற்றோரை அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியச் சொல்லுங்கள். பதினெட்டு முதல் அறுபது வயது வரை பதியலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் அதில் உதவி உண்டு.

6. ஆண்டு நடுவில் திரும்பி வரும் பிள்ளையைச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும்.

7. பிள்ளை ஏற்கெனவே போய்விட்டால் தாமதிக்காமல் 1098க்கு அழையுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் இதே எண்தான்.

வகுப்பறைச் செயல்பாடு: முன்பணக் கணக்கு

எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு ஒரு பாடவேளை போதும். கீழே உள்ள எண்கள் பயிற்சிக்காக வைத்தவை. உங்கள் பகுதித் தொழிலுக்கு அரசு அறிவித்துள்ள குறைந்தபட்சக் கூலியைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு, அதைப் போட்டுச் செய்யுங்கள்.

ஒரு குடும்பம் ரூ.30,000 முன்பணம் வாங்குகிறது. நாள் கூலி ரூ.300. மாதம் 26 நாள் வேலை. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் ரூ.2,500 பிடித்துக்கொண்டு, கைச்செலவுக்கு ரூ.1,000 தருகிறார்கள். மீதி முன்பணத்தில் கழிகிறது.

முதல் கேள்வி: கடன் எத்தனை மாதத்தில் தீரும்? மாதக் கூலி ரூ.7,800. பிடித்தமும் கைச்செலவும் போக மீதி ரூ.4,300. ஏறக்குறைய 7 மாதம்.

இரண்டாம் கேள்வி: சரியான கூலி ரூ.450 என்றால் எத்தனை மாதத்தில் தீர்ந்திருக்கும்? மாதக் கூலி ரூ.11,700. மீதி ரூ.8,200. நான்கு மாதத்துக்குள் தீர்ந்துவிடும்.

மூன்றாம் கேள்வி: 7 மாதத்தில் குறைவாகக் கொடுத்த கூலி எவ்வளவு? நாளுக்கு ரூ.150, மாதம் ரூ.3,900. 7 மாதத்துக்கு ரூ.27,300.

இந்த விடையைக் கரும்பலகையில் ரூ.30,000க்குப் பக்கத்தில் எழுதிவிட்டு, ஆசிரியர் எதுவும் பேசாமல் நிற்க வேண்டும். பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். என் வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "டீச்சர், அவங்க கொடுத்தது நம்ம காசத்தான்!"

பிறகு, நடுவில் மருத்துவச் செலவுக்கு இன்னொரு பத்தாயிரம் வாங்கினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கடைசியாக, "இந்தக் குடும்பம் முன்பணம் வாங்காமல் இருக்க, ஊரில் வேறு யாரிடம் கேட்டிருக்கலாம்?" என்று குழுவாகப் பட்டியல் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஆண்டு என் வகுப்பில் எந்தக் குழுவும் அதை எழுதவில்லை. இப்போது எழுதுகிறார்கள்.

ஒரு வேண்டுகோள்: இந்தப் பாடத்தில் எந்தப் பிள்ளையையும் "உங்கள் வீட்டில் எவ்வளவு கடன்?" என்று வகுப்பில் எழுப்பிக் கேட்காதீர்கள். சொல்ல நினைக்கும் பிள்ளை வகுப்பு முடிந்ததும் நம்மைத் தேடி வரும். அதற்கு நாம் ஐந்து நிமிடம் வகுப்பறையிலேயே இருந்தால் போதும்.

ஏலத்தோட்ட ஜீப் நாளையும் விடியற்காலையில் போகும். பெரியவர்கள் உழைக்கப் போகட்டும், உழைப்பு கௌரவமானதுதான். அந்த ஜீப்பில் நம் வகுப்புப் பிள்ளை ஏறாமல் பார்த்துக்கொள்வது நம் கையிலும் இருக்கிறது. அன்று அந்த அம்மா என்னிடம் சொன்னது ஒவ்வொரு கோடை விடுமுறைக்கு முன்பும் நினைவுக்கு வரும்: "நீங்க இப்பத்தானே வர்றீங்க." அதனால் இப்போதெல்லாம் மார்ச் மாதமே கிளம்பிவிடுகிறேன்.